மணப்பெண் உட்காரும் இடம்

...இல்லை, பெரிய படத்தை இடப்பக்கம்தான் வைக்க வேண்டும், வாசலில் நுழைகிறவர்கள் எல்லோரும் வலப்பக்கக் கேக்குக் கடையைப் பார்த்துக்கொண்டேதான் வருவார்கள், அதைத் தாண்டியதும் கண் தானாக இந்தப் பக்கம் திரும்பும், அப்போது எதிரே நான் எடுத்த கல்யாணப் படம் நிற்க வேண்டும், இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, ஒன்பது கல்யாணக் கண்காட்சிகளில் கால் கடுக்க நின்று நானே கண்டுபிடித்தது. அண்ணிக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, வலப்பக்கம்தானே வெளிச்சம் நல்லா இருக்கு என்கிறாள், வெளிச்சத்தைப் பற்றி என்னிடமே... சரி, போகட்டும், அண்ணி இல்லாவிட்டால் இந்தக் கடையே இல்லை, டைரி, விசிட்டிங் கார்டு, மிட்டாய்க் கிண்ணம் எல்லாம் அவள் பொறுப்பு, பேச்சு மட்டும் என் பொறுப்பு. எதிர்க் கடைக்காரன் ஆளுயரத் திரையில் பாட்டோடு வீடியோ ஓட்டுகிறான், கூட்டம் வாய் பிளந்து நிற்கிறது, நிற்கட்டும், நிற்கிற கூட்டம் வேறு, உட்காருகிற கூட்டம் வேறு, எனக்கு உட்காருகிறவர்கள் போதும். அதற்குத்தான் முதுகு சாய்கிற நாற்காலி ஒன்று, முக்காலி ஒன்று. நாற்காலி பெண்ணின் அம்மாவுக்கு, சாய்ந்துவிட்டால் எழுந்திருக்க மனசு வராது, முக்காலி மணப்பெண்ணுக்கு, அதில் உட்கார்ந்தால் முன்னால் குனிந்துதான் ஆக வேண்டும், குனிந்தால் கைக்கெட்டும் தூரத்தில் ஆல்பம், தொட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. யார் பெண், யார் தோழி, முடிவெடுக்கப்போவது யார், சும்மா மிட்டாய்க்கு வந்தவர் யார்... மூன்று விநாடி, அதற்கு மேல் எனக்கு வேண்டியதில்லை.

அந்த இரண்டு பேரும் வந்தபோதுகூட மூன்று விநாடிதான் எடுத்துக்கொண்டேன். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, தோள்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி, கூடவே இருபத்தைந்து வயதுப் பெண், அவள்தான் நேராக என் படத்தைப் பார்த்து வந்தாள், வாங்கம்மா, நீங்க சாஞ்சு உட்காருங்க, என்று அம்மாவை நாற்காலியிலும் பெண்ணை முக்காலியிலும் உட்கார வைத்தேன், ஆல்பத்தைத் திறந்தேன், பேசினேன், நன்றாகத்தான் பேசினேன். ஆனால் பெண் பக்கங்களை மளமளவென்று புரட்டுகிறாள், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒருமுறை அம்மாவைத் திரும்பிப் பார்க்கிறாள், கூச்சம் போல, கூச்சப்படுகிற பெண்களைப் பேச வைப்பது எனக்குக் கைவந்த வேலை, உங்களுக்குக் கல்யாணம் எந்த மாசம், என்றேன்.

"எனக்கு இல்லக்கா. அம்மாவுக்கு."

மிட்டாய்க் கிண்ணத்துக்குள் போன அண்ணியின் கை அங்கேயே நின்றது. அந்த அம்மா பையை இன்னும் இறுக்கிப் பிடித்தார், எழுந்து போய்விடுவாரோ, எத்தனை கடையில் இதே மாதிரி ஆகியிருக்குமோ, மன்னிப்புக் கேட்டால் போய்விடுவார், கேட்கக் கூடாது... "அப்போ ரெண்டு பேரும் இடம் மாறி உட்காருங்க, இங்க மணப்பெண்ணுக்கு முக்காலிதான்" என்றேன். ஒரு கணம் விழித்தார், பிறகு சிரித்தார், மகளும் சிரித்தாள், மாறி உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் சிக்கல், அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது, அம்மா என்றால் மறுபடியும் நாற்காலிக்கே அனுப்பின மாதிரி, அக்கா என்றால் குழைகிற மாதிரி, கடைசியில் எதுவும் சொல்லாமல் 'நீங்க' என்றே ஓட்டினேன். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையாம், இருபத்தாறு வருஷமாக. மாப்பிள்ளை? "லிஃப்ட் ரிப்பேர் பண்ண வந்தவர். லிஃப்ட் சரியாகி ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் வந்துட்டுத்தான் இருக்கார்." சொல்லிவிட்டு ஆல்பத்தை முதலிலிருந்து, நிதானமாக, கடைசிப் பக்கம்வரை பார்த்தார்.

"இதுல என் வயசுல யாராவது இருக்காங்களா?"

இருப்பார்களே, இல்லாமலா, எட்டு ஆல்பம் கொண்டுவந்திருக்கிறேன், இரண்டாவதைத் திறந்தேன், ஐந்தாவதைத் திறந்தேன்... இருக்கிறார்கள், எல்லாப் பக்கத்திலும் இருக்கிறார்கள், ஓரத்தில், யாருடைய கைப்பையையோ பிடித்துக்கொண்டு, மணப்பெண்ணின் பின்னால் குனிந்து உடையைச் சரிசெய்துகொண்டு, பாதி முகமாக, முதுகாக, ஒருத்திகூடக் கேமராவைப் பார்க்கவில்லை, அல்லது நான்தான் அவர்கள் பக்கம் திருப்பவில்லையா, நானூறு கல்யாணத்தில் ஒருமுறைகூடவா... பொய் சொல்லியிருக்கலாம், வீட்டில் ஆல்பம் இருக்கிறது, அனுப்பிவைக்கிறேன் என்று, வாய்வரை வந்தது. "இல்ல" என்றேன், "இப்போ எடுத்துடலாமா?" மகள் உடனே எழுந்து அம்மாவின் முடியை ஒதுக்கினாள், சுருக்கத்தை எல்லாம் எடுத்துடலாம் இல்லக்கா, என்றாள், அவர் மகளின் கையைத் தட்டிவிட்டார், "அவர் தினமும் பார்க்கிறது இந்த மூஞ்சியைத்தான். வேற யாரோன்னு நினைச்சுடப் போறார்." மகளை டீ வாங்கிவர அனுப்பினேன், கடையின் வட்ட விளக்கை அணைத்தேன், கூடத்துச் சாதாரண வெளிச்சம் கன்னத்தில் நின்றது, அது போதும். தோளை இறக்குங்க, மோவாயைத் தூக்குங்க, வழக்கமான எதையும் சொல்லவில்லை, அந்த லிஃப்ட்ல முதல்ல என்ன கோளாறு என்று மட்டும் கேட்டேன். பதில் சொல்ல வாயைத் திறந்தவர் அதற்குள் சிரித்துவிட்டார், எடுத்துவிட்டேன், ஒன்றுதான், இரண்டாவது தேவைப்படவில்லை, சில நேரம் விரலுக்கே தெரிந்துவிடும். திரையை அவர் பக்கம் திருப்பினேன். வெகு நேரம் பார்த்தார். "நான் மட்டும் தனியா இருக்கிற படம், அடையாள அட்டைக்கு அப்புறம் இதுதான்" என்றார். தேதியை அவரே அண்ணியிடம் சொன்னார், அண்ணி டைரியில் எழுதினாள், மகள் டீயோடு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

கிளம்பும்போதுதான் கேட்டார், நீங்க கல்யாணம் பண்ணிக்கிட்டீங்களா, என்று. எல்லோரும் கேட்பதுதான், என்னிடம் பதில் தயாராக இருக்கும், "நானூறு தடவை!", சிரிப்பார்கள், பேச்சு வேறு பக்கம் போகும், ஒருநாளும் தவறியதில்லை. இன்றும் மகள் சிரித்தாள், அண்ணி ஆயிரம் முறை கேட்டிருந்தும் சிரித்தாள், அவர் மட்டும் லேசாகப் புன்னகைத்துவிட்டுக் காத்திருந்தார், வலி எந்தப் பல்லில் என்று நோயாளி தானாகச் சொல்லும்வரை காத்திருந்து பழகியவர் போல, அவசரமே இல்லாமல்... "இன்னும் இல்ல" என்றேன். தலையாட்டினார், போய்விட்டார்கள். இதில் என்ன இருக்கிறது, இல்லை என்பதை இல்லை என்றேன், நாற்பத்து நான்கு வயது, எனக்கென்று வீடு, எனக்கென்று வேலை, ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் இல்லையென்றால் மதியம்வரை தூக்கம், எதையும் இழந்துவிட்டதாக ஒருநாளும் நினைத்ததில்லை, இப்போதும் நினைக்கவில்லை, சத்தியமாக. 'இல்ல' சரி. அதற்கு முன்னால் அந்த 'இன்னும்' எங்கிருந்து வந்தது? அவருக்காகச் சொன்னதா, மரியாதைக்கு, அவர் மனம் கோணாமல் இருக்க... மரியாதைக்குச் சொல்கிற வார்த்தையா அது? நல்லவேளை, இரைச்சலில் அண்ணிக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தால் சும்மா விடுகிறவளா அவள், இதற்குள் குடைந்து எடுத்திருப்பாள், அண்ணனுக்குப் போன் போட்டிருப்பாள்... ஆனால் இதோ, என் பக்கம் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், எழுதி முடித்த தேதியின் கீழ் மெதுவாகக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள், போட்ட கோட்டின் மேலேயே இன்னொரு முறை, எல்லாம் கேட்டுவிட்டவள் போல.