கைகளைப் பற்றி ஒரு திருத்தம்

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்று முதலில் சொன்ன மகராசன், உரிமம் வாங்கி ஓவியம் வரைந்து பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும். வேறு யாருக்கும் அந்த வயிற்றெரிச்சல் அவ்வளவு துல்லியமாக வராது.

வினிதாவுக்குச் சாமி வரம் கொடுத்தது தை மாதத்தில். 'சாம்பல் சுற்றுப்பாதை' என்கிற விண்வெளித் தொடரின் ரசிகர்கள் முதன்முறையாக மைசூரில் மாநாடு கூட்டுகிறார்கள். நஞ்சன்கூடு சாலையில் ஒரு கல்யாண மண்டபம் பேசி முடித்தாயிற்று. அதன் வாசலில் நிற்கப்போகிற ஆளுயர ஓவியத்தை வரைய, தொடரின் சொந்தக்காரக் கம்பெனியே அனுமதி கொடுத்திருந்தது வினிதாவுக்கு. அது லேசுப்பட்ட காரியமில்லை. அதுவரை அவள் அந்தத் தொடரை வைத்து வரைந்ததெல்லாம் ஊரறிந்த திருட்டுப் படங்கள். ஆசை தாங்காமல் வரைவாள், இணையத்தில் போடுவாள், ரசிகர்கள் கொண்டாடுவார்கள், பத்தாம் நாள் கம்பெனியிலிருந்து 'உடனே நீக்கவும்' என்று ஓலை வரும். இப்போதுதான் முதல்முறையாக, அவள் படத்தில் அவள் பெயரையே போட்டு, கம்பெனி முத்திரையோடு வைக்கப்போகிறார்கள்.

படத்தின் கீழே ஒரு பெயர்ப் பட்டை உண்டு. அதில் ஒரே ஓர் ஓவியர் பெயருக்குத்தான் இடம். வேலை செய்வதோ இரண்டு பேர். அக்ரஹாரத்தில் வெற்றிலை மண்டிக்கு மேலே அறை எடுத்து வினிதாவும் ஸ்ரீவத்ஸனும் சேர்ந்து தொழில் நடத்தினார்கள். ஆட்களை அவள் வரைவாள். பின்னணி, வண்ணம், அச்சகம், ஃபோனில் பேசிச் சமாளிப்பது எல்லாம் அவன். "முகம் உன்னோடது, பேரும் உன்னோடதே இருக்கட்டும், சும்னே எதுக்கு சண்டை" என்று ஸ்ரீவத்ஸன் ஒரே பேச்சில் விட்டுக்கொடுத்துவிட்டான். மேல்கோட்டைப் பூர்வீகம்; மைசூரிலேயே பிறந்து வளர்ந்ததில் அவன் தமிழில் பாதி கன்னடம் கலந்திருக்கும். எதைச் சொன்னாலும் கடைசியில் 'அல்வா' என்பான். கன்னடத்தில் அதற்கு 'அப்படித்தானே' என்று பொருள். "நீ எனக்கு அல்வா குடுக்காத நாளே இல்லடா" என்பாள் வினிதா, கர்நாடக எல்லையோர அனூரில் பிறந்த தமிழ்க்காரி.

பெயர் போடுவதென்று ஆனதும் அம்மாவுக்குச் சொன்னதுதான் தப்பு. அம்மா பூவாத்தாள் அனூரில் மஞ்சள் காட்டிலிருந்தபடியே ஊர் பூராவும் சொல்லிவிட்டாள். "ஏங்கண்ணு, உங்கப்பம் பேரையும் சேத்துப் போடச் சொல்லு. அவுரு இருந்திருந்தா பஸ் ஏறி வந்து பாத்திருப்பாரு" என்றாள். வினிதாவும் 'சி. வினிதா' என்று எழுதி அனுப்பினாள்.

அங்கேதான் பூசாரி குறுக்கே வந்தாள். கம்பெனி இருப்பது கடல் தாண்டி. அதற்காக இங்கே படங்களைப் பார்த்து ஒப்புதல் வாங்கித் தருகிறவள் பெங்களூரில் இருந்த ஸ்மிதா. படம் அவளுக்குப் போகும். அவள் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவாள். வட்டத்துக்குள் இருப்பதைத் திருத்தி அனுப்பினால், நேற்றுவரை நன்றாக இருந்த வேறோர் இடத்தில் வட்டம் விழும். முதல் வட்டம் பெயருக்கே விழுந்தது. 'சி என்றால் என்ன? குடும்பப் பெயரைத் தெரிவிக்கவும்' என்று கேட்டிருந்தார்கள். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அது அப்பா பெயரின் முதல் எழுத்து என்று விளக்கினாள். 'அப்பாவின் பெயர் ஏன் முன்னால் வருகிறது?' என்று மறுவட்டம் போட்டார்கள். மூன்று முறை மல்லுக்கட்டி, கடைசியில் 'வினிதா சித்தையன்' என்று முடிவானது. பள்ளிக்கூடச் சான்றிதழில்கூட அவளுக்கு அப்படி ஒரு பெயர் இருந்ததில்லை. ஆனாலும் அப்பா பெயர் முழுசாக வந்துவிட்டதே என்று அம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

பிறகு ஆரம்பித்தது படத்தின் பாடு. இதைப் புரிந்துகொள்ள அந்தத் தொடரில் வரும் ஒரு கட்டத்தைச் சொல்ல வேண்டும். கப்பல் உடைந்துகொண்டிருக்கிறது. கேப்டன் மரேன் உள்ளே நிற்கிறாள். அவளுடைய உயிர்ச் சிநேகிதன் ஊஷ், வேற்றுக்கோளைச் சேர்ந்தவன், கதவுக்கு வெளியே. ஒருவர் கையை ஒருவர் பிடித்திருக்கிறார்கள். கதவு மூடினால்தான் உள்ளே இருக்கிற சனங்கள் பிழைக்கும். மரேன் கையை விடுகிறாள். அந்தத் தொடர் முழுக்கவே அந்த ஒரு கையை விட்டதன் கதைதான். அதன் ரசிகர்கள் சந்தித்தால் வணக்கம் சொல்வதில்லை. விரல்களை விரித்து உள்ளங்கையைக் காட்டுவார்கள். வினிதா வரைந்தது அந்தக் கட்டத்தை: விட்ட கை ஒன்று, விடப்பட்ட கை ஒன்று, நடுவில் ஒரு சாண் வெற்றிடம். அந்த ஒரு சாணுக்காக அவள் கண்ணாடி முன்னால் தன் கையை நீட்டி நீட்டிப் பார்த்துத் தோள்பட்டையே இறங்கிப்போனது.

கேப்டனின் சிரிப்பைக் குறை என்றார்கள். கேப்டன் எங்கே சிரித்தாள், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அழாமல் நிற்கிறாள். சரி, குறைத்தாள். ஊஷின் கழுத்து நீளம் போதாது என்றார்கள். நீட்டினாள். கழுத்து ஒட்டகம்போல் இருக்கிறது என்று திரும்பியது. பூட்ஸின் வார் இடப்பக்கம் என்றார்கள். நிலவைத் தள்ளி வை என்றார்கள். சாம்பல் நிறம் போதவில்லை என்றார்கள். ஒவ்வொரு முறையும் வினிதா பேனாவை மேசையில் போட்டுவிட்டு, "கெரகம், இவங்க ஒருத்தராச்சும் அந்தத் தொடரைப் பாத்திருக்காங்களாடா?" என்பாள். "பாத்திருக்கமாட்டா. அவாளுக்கு அது வேலை, நமக்குத்தானே பைத்தியம், அல்வா" என்பான் ஸ்ரீவத்ஸன். அவன் சொன்னது நியாயம்தான். நியாயமான பேச்சைக் கேட்டால் இன்னும் எரிந்தது.

மாநாட்டுக்கு நாள் நெருங்கிவிட்டது. அச்சுக்குப் போக வேண்டிய அன்று மத்தியானம் மறுபடியும் வட்டங்கள் வந்தன. ஒன்று சாம்பல் நிறத்தின்மேல். இன்னொன்று, பாவிகள், கைகளின்மேல். 'கைகள்: மறுபரிசீலனை?' என்று மட்டும் எழுதியிருந்தது. கேள்விக்குறியை ஓர் ஓரத்தில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மறுபரிசீலனை என்றால் யார் எதைப் பரிசீலிப்பது? ஸ்ரீவத்ஸன் அப்போது நஞ்சன்கூடு அச்சகத்துக்கு ஸ்கூட்டரில் கிளம்பியிருந்தான். "அவகிட்ட நீயே கேட்டுச் சொல்லு. நான் பேசுனா வாயில வேற வரும்" என்று செய்தி அனுப்பினாள் வினிதா.

கொஞ்ச நேரத்தில் அவனிடமிருந்து குரல் பதிவு வந்தது. பின்னால் லாரி இரைச்சல். "ஸ்மிதாகிட்டே பேசிட்டேன். கை பிடி, அவ்ளோதான். கலர் மாத்திரம் சரி பண்ணி சாயங்காலத்துக்குள்ளே அனுப்பிடு, நான் இங்கேர்ந்தே ஃபார்வர்ட் பண்றேன். ஆய்த்தா?"

வினிதாவுக்கு உச்சந்தலைவரை சூடேறியது. கையைப் பிடிக்க வேண்டுமாம். விட்ட கையை. அந்தத் தொடரின் உயிரே எதில் இருக்கிறதோ அதைப் பிடித்து ஒட்டவைத்து, கல்யாண மண்டபத்து வாசலில் பெண்ணு மாப்பிள்ளை மாதிரி நிறுத்த வேண்டுமாம். நான்கு மாதம் முன்னால் என்றால் அவள் பெங்களூருக்கே போய்ச் சண்டை பிடித்திருப்பாள். இப்போது சண்டைக்குத் தெம்பில்லை. இப்படித்தான் கெடுக்கப்போகிறார்கள் என்று எப்போதோ முடிவு கட்டியிருந்தவள் அவள். 'பிடிச்சுக்கோங்க, நல்லா பிடிச்சுக்கோங்க' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒரு சாண் வெற்றிடத்தை அழித்தாள். விரலோடு விரல் கோத்து வரைந்தாள். வஞ்சமே இல்லாமல், நன்றாகவே வரைந்தாள். அதுதான் கொடுமை. கைக்கு வரையத்தான் தெரியும், கெடுக்கத் தெரியாது.

சாயங்காலம் அனுப்பினாள். ஒப்புதல் வந்துவிட்டது. அறைக்குள் தனியாக நின்று ஒரு கணம் குதிக்கலாமா என்று பார்த்தாள். வரவில்லை. அம்மாவுக்கு மட்டும், 'ஆயிடுச்சு' என்று செய்தி போட்டாள்.

மறுநாள் காலையில் ஸ்ரீவத்ஸன் படியேறி வந்தான், கையில் அச்சகத்தின் மாதிரித் தாளோடு. தாளை மேசையில் விரித்தான்.

"வினி, கை ஏன் பிடிச்சிண்டிருக்கு?"

"நீதான பிடிக்கச் சொன்னே?"

"நான் எங்கே சொன்னேன்?"

அவள் கைபேசியை எடுத்துக் குரல் பதிவை ஓடவிட்டாள். லாரி இரைந்தது. 'கை பிடி, அவ்ளோதான்.' ஸ்ரீவத்ஸன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"ஐயோ, அது கன்னடம். ஸ்மிதா சொன்னதை அப்படியே சொன்னேன். கையை விட்டுடுங்கோ, அது இருக்கறபடி இருக்கட்டும்னு."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கன்னடத்தில் 'பிடி' என்கிற அந்தச் சொல்லுக்கு 'விடுங்கள்' என்று அர்த்தம். தமிழிலோ நேர்மாறு. முதல் எழுத்தை, 'பஸ்' என்பதில் வரும் 'ப'போல, உதடு கொஞ்சம் அழுத்திச் சொன்னால் கன்னடம்; அழுத்தாவிட்டால் தமிழ். அந்த வித்தியாசத்தை லாரி தின்றுவிட்டது. எழுதிக் காட்டலாம் என்றால் தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. பிறந்ததிலிருந்து தினமும் நூறு முறை கேட்கிற சொல்தான். பால்காரரிடம் பேசுகிறபோது அவளுக்குத் தடுமாறியதே இல்லை. ஆனால் எரிச்சலில் இருப்பவள் காதில் எப்போதும் வசவுதான் முதலில் விழும்.

"ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருக்கலாமே வினி?"

"அனுப்பறதுக்கு முன்னால நீ ஒருக்கா தொறந்து பாத்திருக்கலாமே?"

"ரோட்ல நின்னுண்டு அனுப்பினேன் வினி. கலர் மாத்திரம்தானேன்னு நினைச்சேன்."

"அவ? அவ பாக்க வேண்டாமா? கண்ணுல என்ன வெச்சிருந்தா?"

ஸ்மிதா சாம்பல் நிறத்தைப் பார்த்திருந்தாள். வட்டம் போட்டது அதற்குத்தானே, அதை மட்டும் பார்த்தாள். கைகள் சேர்ந்ததை அவளும் கவனிக்கவில்லை, கடல் தாண்டியும் ஒருவரும் கவனிக்கவில்லை. நான்கு மாதமாக பூட்ஸ் வாரை அளந்தவர்கள். அதை நினைத்தபோது வினிதாவுக்கு யார்மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை. பழைய படத்தையே அச்சடித்துவிடலாமா என்று ஸ்ரீவத்ஸன் ஸ்மிதாவைக் கூப்பிட்டுக் கெஞ்சினான். ஒலிபெருக்கியில் அவள் குரல் தன்மையாகத்தான் வந்தது. ஒப்புதலானது இந்தப் படம். இனி இது கம்பெனியுடையது. மாற்றினால் முதல் சுற்றிலிருந்து தொடங்க வேண்டும், அதற்குள் மாநாடு முடிந்துவிடும். "இதுவும் சென்னாகி, நல்லாத்தானே இருக்கு, லைட்டா எமோஷனலா" என்றாள்.

ஸ்ரீவத்ஸன் ஃபோனை வைத்துவிட்டு ஜன்னலருகே போனான். கீழே வெற்றிலைக் கூடைகள் இறங்கிக்கொண்டிருந்தன.

"பேர் இருக்கு, அல்வா? கம்பெனி முத்திரையோட. அது போறும் வினி. அடுத்த படம் இந்தப் பேரை வெச்சுத்தானே வரும்."

"வாசல்ல வர்றவங்க எல்லாம் உள்ளங்கையக் காட்டிக்கிட்டு வருவாங்கடா. வந்து இதப் பாப்பாங்க."

"கம்பெனி சொல்லித்தான் பண்ணியிருப்பான்னு நினைச்சுப்பா."

"கம்பெனி சொல்லலியே. நான்தானே பண்ணிப்போட்டேன்." அவள் மாதிரித் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். "எவளோ இந்தத் தொடரைப் பாக்காதவ வரைஞ்சிருக்கான்னு சொல்லுவாங்க. இத்தன பேர்ல நான்தாண்டா பாத்தவ."

பெயர்ப் பட்டையைக் கடைசியில்தான் அச்சில் ஏற்றுவார்கள், பெயரை எடுப்பதற்கு ஸ்மிதாவின் ஒப்புதலே போதும், கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை என்பது இருவருக்கும் தெரியும். வினிதா கணினியை இழுத்து வைத்துக்கொண்டு ஸ்மிதாவுக்கு எழுத உட்கார்ந்தாள்.

அம்மா ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். சித்தப்பா குடும்பமும் கூட வருகிறது. அப்பா பெயர் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரு ஃபோட்டோ எடுக்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னாள். அதையெல்லாம் நினைத்தபடியே, 'ஓவியத்தில் வினிதா சித்தையன் என்ற பெயரை நீக்கிவிடக் கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதினாள். காரணம் கேட்பார்கள், அதற்கு மூன்று சுற்றாவது ஆகும், அதற்குள் தன் மனசே மாறிவிடுமோ என்று பயந்து ஒரு பத்தி காரணமும் எழுதினாள். அனுப்பினாள்.

ஸ்ரீவத்ஸன் கீழேயிருந்து காபி வாங்கிவரப் போனான். அவன் திரும்புவதற்குள் பதில் வந்திருந்தது. எந்த இடத்திலும் சிவப்பு வட்டம் இல்லை.

'ஒப்புதல் அளிக்கப்பட்டது. திருத்தம் ஏதுமில்லை. நன்றி.'