எட்டாயிரம் வருஷத்து மழையும் ஒரு துணிக்கொடியும்

உறுவையாற்றுக்காரர்களுக்கு இளவரசி எத்தனை முறைதான் சொல்வாள்! எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான். கடலடிச் சேற்றைக் குழாய் இறக்கி எடுத்து, அதில் கிடக்கும் கடலுயிர்களின் ரவையைவிடச் சின்ன ஓடுகளை ஈரத் தூரிகையால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவது அவள் ஆராய்ச்சி. மழை கொட்டிய காலத்தில் ஆற்றுத் தண்ணீர் கலந்து கடலில் உப்பு குறையும். அந்தச் சேதி ஓட்டில் பதிந்திருக்கும். அதை வைத்து எட்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய பருவமழையைச் சொல்லலாம். நாளைய மழையைச் சொல்ல முடியாது. அப்பா பச்சையப்பன் மட்டும் உன்னிப்பாகக் கேட்டார். ஊர் கண்ணடித்துச் சிரித்தது.

"எட்டாயிரம் வருசத்து மழை தெரியுது, நாளிக்கி மழை தெரியாதாமா? படிச்சவ, வாய தொறக்க மாட்டா. அவ கொடியில துணி கெடக்குதான்னு பாருங்கடா, போதும்," என்றார் எதிர்வீட்டு எழிலரசன்.

சித்திரை மாதம். அறுத்த நெல்லெல்லாம் ரோட்டில் காய்ந்துகொண்டிருந்தது. எழிலரசன் சொன்னதைத் தங்கை சரண்யா வந்து போட்டுக்கொடுத்ததும் இளவரசிக்குக் குறும்பு தலைக்கேறியது. வானம் பளிச்சென்றுதான் இருந்தது. கொடியில் சொட்டிக்கொண்டிருந்த துணிகளை அவசர அவசரமாக உருவினாள்.

அடேயப்பா! தெருவே தார்ப்பாயோடு ஓடியது. எழிலரசன் வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல் நெல்லைக் கூட்டினார். அக்காவும் தங்கையும் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் மேற்கே கறுத்தது. எங்கிருந்துதான் வந்ததோ பாவி மழை, பேயாகக் கொட்டியது.

"அய்யோ, அப்பா நெல்லு!" இளவரசி ரோட்டுக்கு ஓடினாள்.

"இன்னா கணக்கும்மா ஒன் கணக்கு! எங்க நெல்ல காப்பாத்திட்ட," என்று எழிலரசன் கும்பிட்டார். வரிசையாக நெல் தார்ப்பாய்க்கடியில் பத்திரமாக இருந்தது. அப்பாவின் நெல் மட்டும் தண்ணீரில் மிதந்து வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் தனி ஆளாகக் கூடையில் வாரிக்கொண்டிருந்தார்.

"ஏம்பா, எல்லாரும் மூடனாங்களே, நீ மட்டும் ஏம்பா மூடல?"

"மூடு மூடுன்னு கத்தனானுங்க. போங்கடா, எம் பொண்ணு பொய் சொல்லமாட்டா, அவளுக்கு இன்னிக்கி மழையெல்லாம் தெரியாதுன்னு சொல்லிட்டு உக்காந்துட்டேன்மா."

இளவரசி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நெல்லை அள்ளிக்கொண்டே வாய்விட்டு அழுதாள்.