ஊசிக்குருவி வந்த தேதி

உப்புச் சதுப்பில் பறவைகளை எண்ணுவதற்கென்று ஒரு நேரம் இருக்கிறது. கடல் ஏறும்போது சேறு முழுகிவிடும். சேற்றில் சிதறி மேய்ந்த உள்ளான் பறவைகள் எல்லாம் நனையாத மேட்டுக்கு வந்து நெருக்கியடித்து நிற்கும். தண்ணீர் இறங்கினால் மறுபடி கலைந்துவிடும். நடுவே கிடைப்பது ஒன்றரை மணி நேரம்தான்.

பன்னிரண்டு வருடங்களாக, இலையுதிர் காலம் வந்தால் அக்காவும் தம்பியும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகக் காத்திருப்பார்கள். அக்கா மருந்துக்கடை வைத்திருக்கிறாள். மாத்திரை எண்ணிப் பழகிய கண். அதனால் தொலைநோக்கி அவளிடம். தம்பி லேத் பட்டறைக்காரன். பறவை ஒரு முறை கத்தினால் போதும், இன்னதென்று சொல்லிவிடுவான். இருவரும் ஒப்புக்கொண்டால்தான் ஒரு பறவை நோட்டில் ஏறும். முதல் வருடம் அக்கா பிளாஸ்டிக் பையைக் கொக்கு என்று எழுதியதால் வந்த சட்டம் அது.

எண்ணி முடித்ததும் அக்கா வீட்டுத் தோட்டத்து வேலியருகே உட்காருவார்கள், ஊசிக்குருவிக்காக. அது அவர்களே வைத்த பெயர். கட்டைவிரல் அளவு உடம்பு, ஊசி போல மெல்லிய குரல். இலைக்குள்ளேயே இருப்பதால் காதால்தான் பிடிக்க முடியும். கடல் தாண்டி வருகிற அந்தக் குருவி வந்தால்தான் தம்பிக்குப் பருவமே தொடங்கும்.

"நாலு வாரமா உக்காந்திருக்கோம்க்கா, இன்னும் வரல. வழியில என்ன ஆச்சோ. அத்துனூண்டு உடம்பு, எவ்வளவு தூரம்!"

வேலிக்குள் குருவி கத்திக்கொண்டுதான் இருந்தது. பத்து நாளாகக் கத்துகிறது. முதல் நாள், "அதோ கேக்குதே" என்றாள். "கொக்குக்கும் பைக்கும் வித்தியாசம் தெரியாதவ பேசறா பாரு" என்று சிரித்தான். அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. காதுக்குள் ஒலியை வாங்கும் நுண்ணிய மயிர்கள் உண்டு. கீச்சுக் குரலை வாங்குபவை வாசலிலேயே இருக்கின்றன. எல்லா இரைச்சலும் அவற்றை மிதித்துக்கொண்டுதான் உள்ளே போகும். நடைபாதை ஓரத்துப் புல் போல அவைதான் முதலில் தேயும். லேத் இரைச்சல் முப்பது வருடம் மிதித்திருக்கிறது. சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

காற்று ஒன்று வீசியது. வேலியில் மிச்சமிருந்த இலைகள் கொத்தாக உதிர்ந்தன. மொட்டைக் கிளையில் குருவி வெளியே தெரிந்தது. அலகு திறந்திருந்தது. தொண்டை படபடவென்று துடித்தது.

தம்பி வெகுநேரம் பார்த்தான்.

"அக்கா, கத்துதா?"

"ம்."

"இப்பவுமா?"

"நிறுத்தவே இல்லடா."

"எத்தனை நாளா?"

"பத்து."

"சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிடா சொல்றது..."

அவன் குருவியின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மூச்சை விட்டான். "அப்ப வழியில அதுக்கு ஒண்ணும் ஆகல."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் கையை நீட்டினான்.

"தொலைநோக்கியை இப்படிக் குடு. இனிமே நான் பாக்கறேன், நீ கேளு. நானாவது பையை எண்ண மாட்டேன்."

"ஆமா, பெரிய கண்ணு!" என்று கொடுத்துவிட்டு அவள் நோட்டைத் திறந்தாள். பேனா நின்றது. சட்டப்படி இருவரும் ஒப்புக்கொண்டது இன்றைக்குத்தான்.

"எந்தத் தேதிடா போடட்டும்?"

கண்ணைத் தொலைநோக்கியிலிருந்து எடுக்காமலே சொன்னான்: "நீ கேட்ட தேதியைப் போடு."