இன்னும் பத்து வீச்சு

ஃபெர்கல் படகின் விளிம்பில் குப்புறக் கிடந்து கையை நீட்டியிருந்தான். விரல் நுனிக்கும் அண்ணன் மலாக்கியின் தலைக்கும் நடுவே இரண்டடித் தண்ணீர். அந்த இரண்டடிக்கு அப்பால் மலாக்கி கடலைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தான், கடலும் சளைக்காமல் திருப்பி அடித்தது.

பன்னிரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. விடியும்போது அயர்லாந்துக் கரையில் இறங்கியவன். இப்போது எதிரே ஸ்காட்லாந்துப் பாறையில் உட்கார்ந்திருக்கும் பறவைகள்கூடக் கண்ணுக்குத் தெரிந்தன. கறிக்கடை நடத்துகிற மனிதன், வயது ஐம்பத்தொன்பது. உடம்பில் ஒரு நீச்சல் ஜட்டி, தலையில் ரப்பர் குல்லா, கண்ணுக்குக் கண்ணாடி, இந்தக் கடலை நீந்திக் கடக்கிறவர்களுக்கு விதிப்படி அவ்வளவுக்குத்தான் அனுமதி. ஜெல்லி உடம்புச் சொறிமீன்கள் தோளிலும் கழுத்திலும் சவுக்கு வரிகளாகக் கிழித்திருந்தன. உதடு ஈரலைப் போலத் தடித்துத் தொங்கியது. குடிக்கக் கொடுப்பதைக்கூடக் கயிற்றில் கட்டித்தான் எறிய வேண்டும். அவன் படகைத் தொட்டாலும் சரி, அவனை யாராவது தொட்டாலும் சரி, அத்தனை பாடும் கணக்கில் வராது.

"என்ன ஃபெர்கல், இழுத்துடலாமா?" என்று சுக்கானைப் பிடித்தபடி கத்தினான் படகுக்காரன் ஹியூகி. "ஆளு கோணலாப் போறான்!"

அரைமணி முன்னால் இதே கேள்வியை ஃபெர்கல் அண்ணனிடமே கேட்டான். "தொட்டுப் பாருடா நாயே, கரைக்கு வந்து மிச்சப் பல்லையும் பேத்துடுவேன்" என்று உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டு பதில் வந்தது.

மிச்சப் பல் என்று சொன்னதில் பொய்யில்லை. போன வருஷம் இதே கடலில், இதே போலக் கோணல்மாணலாக நீந்தியவனை ஃபெர்கல்தான் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் படகில் போட்டான். விறைத்துக் கிடந்த மலாக்கி சுற்றுமுற்றும் பார்த்தான், கரை எவ்வளவு கிட்டே இருக்கிறதென்று பார்த்தான், எழுந்து தம்பியின் வாயில் ஒரு குத்து விட்டான். முன்பல் இரண்டும் கடலுக்குப் போயின. இன்னும் கால்மணி விட்டிருந்தால் செத்திருப்பான் என்று டாக்டர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. மதுக்கடைக்குள் ஃபெர்கல் நுழைந்தால் போதும், "கையை மடக்கிக்கோங்கப்பா, தொட்டுடப் போறான்!" என்று சிரிப்பார்கள். அதை முதலில் ஆரம்பித்துவைத்தவன் ஊர்க்காரன் டோனல். மலாக்கி பதினோரு மாதம் தம்பியோடு பேசவில்லை. பன்னிரண்டாவது மாதம் வாசலில் வந்து நின்று, "நீதான் படகுல வரணும். தொடமாட்டேன்னு அம்மா கல்லறை மேல சத்தியம் பண்ணு" என்றான். ஃபெர்கலும் பண்ணித் தொலைத்தான்.

எல்லாம் ப்ரோனாவுக்காக. மலாக்கியின் மனைவி கடைசி ஆறு வாரம் கிடந்து செத்த நோயாளிகள் இல்லத்துக்கு நிதி திரட்டுகிறேன் என்று தொடங்கினான். முதல் வருஷம் ஓடினான், அடுத்த வருஷம் நாட்டின் தலையிலிருந்து கால்வரை சைக்கிள் மிதித்தான், பிறகு கடல். ஊரே கைதட்டியது. ஃபெர்கல் மட்டும் தட்டவில்லை. அவளைக் காப்பாற்ற முடியாத உடம்பைப் போட்டு அடிக்கிறான், அதற்கு ஊரை வேறு சாட்சிக்குக் கூப்பிடுகிறான் என்றுதான் அவனுக்குப் பட்டது.

மலாக்கியின் வலது கை தண்ணீருக்கு மேலே வந்தது. வந்த கை முன்னால் போகவில்லை. படகுப் பக்கம் திரும்பி, உள்ளங்கை விரிந்து, நின்றது.

ஃபெர்கலின் நாக்கு பொய்ப்பல்லின் பின்னால் போய் ஒட்டியது. பதினோரு மாதச் சிரிப்பும் காதில் கேட்டது. கேளுடா, வாயைத் திறந்து கேளு என்று மனசு சொன்னது, அப்படிச் சொன்னபோது சந்தோஷமாகக்கூட இருந்தது.

"இன்னும் பத்து வீச்சு போடட்டும், ஹியூகி."

நான்குவரை எண்ணினான். நான்கில் குல்லா கவிழ்ந்தது. ஐந்தை எண்ண ஃபெர்கல் படகில் இல்லை, பூட்ஸோடு கடலில் இருந்தான். அதன்பிறகு படகுத் தளத்தில் அண்ணனின் நெஞ்சை இரண்டு கையாலும் அடித்து அடித்து அழுத்தினான். விலா எலும்பு மளுக்கென்று முறிந்தது. அடுத்ததும் முறிந்தது. "எந்திரிடா! எந்திரிச்சு என்னை அடிடா!" என்று அலறினான். ஹியூகி கழுத்தைப் பிடித்து இழுத்து நிறுத்தும்வரை நிறுத்தவில்லை.

ஐந்தாம் நாள் மலாக்கி சொந்த வீட்டு முன்னறையில், யாரோ நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு வாங்கிய சூட்டில், பெட்டிக்குள் கிடந்தான். பவுடரையும் மீறிச் சொறிமீன் வரிகள் தெரிந்தன. வந்தவர்கள் வரிசையாகப் போய் அவன் கைமேல் கைவைத்தார்கள். செத்தவரைத் தொட்டுவிட்டால் அவர் கனவில் வரமாட்டார் என்பது அங்கே வழக்கம். தொடாத ஒரே ஆள் ஃபெர்கல்தான். விடிந்ததிலிருந்து சமையலறையில் நின்று டீக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.

அங்கேயும் விடவில்லை. "சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டே" என்று ஒருவர் முதுகில் தட்டினார். "அவன் ஆசைப்பட்ட மாதிரியே போயிட்டான்" என்றார் இன்னொருவர். சாண்ட்விச்சை மென்றுகொண்டே டோனல் வந்தான்.

"இந்தத் தடவை கையைக் கட்டிக்கிட்டு நின்னியே, அதான்டா ஆம்பளை."

ஃபெர்கல் கையிலிருந்த கோப்பை சுவரில் போய் உடைந்தது. அடுத்த நொடி டோனலின் சட்டைக் காலர் அவன் பிடியில். முகத்தைக் கொண்டுபோய் அலமாரியில் ஒருமுறை மோதினான், இரண்டாவது முறை மோதினான். தட்டுகள் சரிந்தன. நாலு பேர் சேர்ந்து பிடுங்கவேண்டியிருந்தது. டோனல் மூக்கைப் பொத்திக்கொண்டு, விரலிடுக்கில் ரத்தம் ஒழுக வெளியே போனான்.

"எல்லாரும் போங்க" என்றாள் வாசலில் நின்ற ஓர்லா, மலாக்கியின் ஒரே மகள். பதினாறு வயதிலிருந்து அப்பாவோடு கறிக்கடையில் எலும்பு வெட்டியவள், அப்பாவின் உயரம், அப்பாவின் தோள். எல்லாரும் போனதும் கதவைச் சாத்தினாள்.

"சித்தப்பா, ஹியூகி என்கிட்ட ஒண்ணு சொன்னார். இழுக்கலாமான்னு கேட்டாராம். நீங்க பத்து வீச்சு பொறுன்னீங்களாம்."

"ஆமா."

"அப்பா கையை நீட்டினாரா?"

அடுப்பில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. அலை அடித்தது, நுரை மறைத்தது, நீந்துகிற கையா கேட்கிற கையா என்று யாருக்கம்மா தெரியும். ஐந்து நாளாக ஒத்திகை பார்த்துவைத்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. பாதிரியார்கூட அதையேதான் சொல்லிவிட்டுப் போனார். இதைச் சொன்னால் அவள் நம்புவாள். சொல்லாவிட்டால் இந்த உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே ரத்த உறவும் போய்விடும்.

"நீட்டினான்."

"உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதும்மா. வாயைத் திறந்து கேக்கட்டும்னு இருந்துட்டேன். போன வருஷத்துக்காக."

ஓர்லாவின் முஷ்டி வந்ததை அவன் பார்த்தான். விலகவில்லை. நேராக வாயில் விழுந்தது. பொய்ப்பல் பறந்து பிஸ்கட் டப்பாவில் பட்டுத் தரையில் உருண்டது. உதடு கிழிந்து ரத்தம் முகவாயில் இறங்கியது. அவன் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அடுத்த அடிக்குக் காத்திருந்தான். அவளும் ஓங்கினாள். ஓங்கிய கை தலைக்கு மேலேயே நின்றது.

கதவை யாரோ தட்டினார்கள். "ஓர்லா" என்றது சவ அடக்கக்காரரின் மெல்லிய குரல், "பெட்டியை மூடியாச்சும்மா. தூக்க ஆறு பேர் வேணும். டோனலுக்கு மூக்குல ரத்தம் நிக்கல, ஒரு தோள் குறையுது."

மூடியாச்சு என்ற சொல் ஃபெர்கலின் காதில் விழுந்தது. கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டான். இனி அண்ணனைத் தொட முடியாது.

ஓர்லா குனிந்தாள். பல்லைப் பொறுக்கினாள். குழாயைத் திறந்து, பாத்திரம் தேய்க்கும் பஞ்சால் அதைத் தேய்த்துக் கழுவினாள், கறிக்கத்தியைக் கழுவுகிற அக்கறையோடு. பிறகு நீட்டினாள்.

"போட்டுக்குங்க. முன்னாடி நானும் நீங்களும்."

தெருவில் மழை தூறிக்கொண்டிருந்தது. பெட்டி தோளில் ஏறியது. அங்கே வழக்கப்படி, எதிரெதிர்த் தோள் கொடுப்பவர்கள் பெட்டிக்கு அடியில் கையைக் குறுக்கே நீட்டி ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொள்ள வேண்டும். ஓர்லாவின் விரல்கள் ஃபெர்கலின் தோள்பட்டையைப் பிடித்தன. பிடித்தவை எலும்புவரை இறங்கின. அவனும் பிடித்தான். பெட்டியின் பலகை கன்னத்தில் உரசியது, கனமாக இருந்தது, அடிக்கு அடி கனம் கூடியது.

தேவாலயத் திருப்பத்தில் சவ அடக்கக்காரர் கையை உயர்த்தினார். அண்டை வீட்டுக்காரர்கள் ஆறு பேர் முன்னால் வந்து நின்றார்கள்.

"ஆள் மாத்திக்கலாமா?"

ஓர்லா அவரைப் பார்க்கவில்லை. பின்னாலிருந்த நால்வரும் மாறிக்கொண்டார்கள். ஃபெர்கலின் உதட்டிலிருந்து ரத்தம் வெள்ளைச் சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கக் கை இல்லை. தோளில் அவள் பிடி இன்னும் ஒரு சுற்று இறுகியது. இருவரும் அப்படியே நடந்தார்கள்.