குடும்ப வரிசையில் ஓரிடம்

விசுவாசத்துக்காகக் கல்லெறிபட்டு மாண்ட புனித முடியப்பரின் திருநாள், நத்தார் என்னும் கிறிஸ்துமசுக்கு மறுநாள். அன்று டுசல்டோர்ஃப் தமிழ்ப் பூசையில், உலகமெங்கும் துன்புறுத்தப்படும் கிறிஸ்தவர்களுக்காகச் செபிப்போம். நாடுகளின் பெயர்களை வாசிப்பவன் என் தம்பி அசோகன், பங்குச் சபைத் தலைவன். இந்த வருடமும் குரல் தழுதழுக்க வாசித்தான். அவன் வீட்டு மேல்மாடியில் குடியிருக்கும் எனக்கு, அந்தத் தழுதழுப்பை அவன் குளியலறையில் பழகியது கேட்டிருந்தது.

"ஈரான்" என்றபோது கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த மெஹ்ரி எழுந்து நின்றாள்; எங்கள் சுவாமியிடம் வேதம் படிக்க வரும் ஈரான் அகதி. முழுச் செபத்திலும் அவளுக்கு விளங்கிய ஒரே சொல் அது. வீட்டுக்குள் செபம் செய்ததற்காக அவளுடைய தமையன் அங்கே சிறையில் இருக்கிறான். அசோகன் தலை நிமிராமல் அடுத்த நாட்டுக்குப் போனான்.

பூசை முடிந்து மண்டபத்தில் பற்றீசும் தேத்தண்ணியும். சுவாமி எங்கள் மேசைக்கு வந்தார்.

"வாற ஈஸ்டர் பாஸ்காவுக்கு மெஹ்ரிக்கு ஞானஸ்நானம். ஞானத்தாய் ஒராள் வேணும். இண்டைக்கே பேர் குடுக்காட்டி ஆயர் இல்லம் இந்தமுறை விடாது. மே மாசம் அவவின்ர அகதி வழக்கு கோர்ட்டில வருது. ஞானத்தாயும் வந்து சாட்சி சொல்லவேணும். ஞானஸ்நானம் இல்லாட்டி அவவைத் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்."

மேசையில் பத்துப் பேர். பற்றீசுக்கு மட்டும் வாய் திறந்தார்கள். லவினியாவுக்கு முழங்கால் வலி ஞாபகம் வந்தது. சோதிலிங்கத்துக்குக் கார் நிறுத்திய இடம் ஞாபகம் வந்தது. கால் மணி நேரத்துக்கு முன் கண்ணைத் துடைத்தவர்கள் இவர்கள்தான்.

அசோகன் என் காதருகே குனிந்தான்.

"அக்கா, நீங்கள் பேசாம இருங்கோ. விசாவுக்காகத்தான் உவையள் வேதத்துக்கு வாறது."

"நீ எதுக்கு ஜேர்மனிக்கு வந்தனி? பூசை காணவோ?"

அவன் முகம் கறுத்தது. "ஞானப்பிள்ளை எண்டா வீட்டுப் பிள்ளை. யூலையில என்ர மகளுக்குக் கலியாணம். உந்த ஈரான்காரி எங்கட குடும்ப வரிசையில வந்து நிண்டா மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பினம்? எங்கட மரியாதை என்னாகிறது?"

எங்கள் வீட்டு மரியாதையை எனக்கே விளக்க வந்துவிட்டான்! எவருடன் சம்பந்தம் வைக்கலாம், எவரை வாசலோடு அனுப்பலாம் என்று நாற்பது வருடமாக இந்தக் குடும்பத்தில் தீர்ப்புச் சொல்பவள் நான். அந்த மாப்பிள்ளை வீட்டாரைக்கூட மூன்று மாதம் விசாரித்துத்தான் உள்ளே விட்டேன். மெஹ்ரியின் வீட்டில் விசுவாசத்துக்காக ஒருவன் சிறைக்குப் போயிருக்கிறான். எங்கள் வீட்டில் ஒருவன் அதற்காகக் குரல் பழகுகிறான். சம்பந்தம் வைப்பதில் எங்களுக்குத்தான் பெருமை.

எழுந்தேன். "சுவாமி, என்ர பேரை எழுதுங்கோ. ஜசிந்தா சூசைப்பிள்ளை. கோர்ட்டுக்கும் நானே போவன்."

"அக்கா!"

"கத்தாதை. அடுத்த வருஷச் செபத்துக்குத் தொண்டை வேணும்."

கதவடியில் மெஹ்ரி ஓவர்கோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கூனி நின்றாள். ஜேர்மன் மொழியில் அவளுக்குச் சொன்னேன்: "நான் உன் ஞானத்தாய். யூலையில் எங்கள் வீட்டில் கலியாணம். என் பக்கத்தில்தான் நீ நிற்கவேண்டும். முதுகை நிமிர்த்து. எங்கள் வீட்டில் இப்படி எவரும் நிற்பதில்லை."

நிமிர்ந்தாள். என்னைவிட ஒரு சாண் உயரமாக இருந்தாள்.