ஓட்டை விழுந்த லைசென்ஸ்

மென்பொருளைப் பதிவு செய்யப் போனில் பேசிய இயந்திரக் குரலிடம் மொழிபெயர்ப்பாளர் ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தால் வேலை காலையிலேயே முடிந்திருக்கும். புதுக் கணினியின் திரையில் தெரிந்த ஐம்பத்து நான்கு எண்களையும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்தி முடித்திருந்தார். கடைசியாகக் குரல் கேட்டது: "இந்த மென்பொருள் எத்தனை கணினிகளில் உள்ளது?"

ஊர் உலகத்தில் எல்லாரும் ஒன்றை அழுத்துவார்கள். இவர் யோசித்து இரண்டை அழுத்தினார். ஒரு லைசென்ஸுக்கு ஒரு கணினிதான் என்று சொல்லிவிட்டுக் குரல் கழன்றுகொண்டது.

"மெஷின்கிட்டகூடவா உண்மை பேசுவாங்க?" என்றாள் மனைவி. "எங்கிட்ட பேசவே உங்களுக்குப் பஞ்சமா இருக்கு."

"'மூலத்துக்கு மாறாதது'ன்னு தினம் முத்திரை குத்துற கைடி இது. பொய்யா ஒண்ணை அமுக்க மாட்டேங்குது."

மூன்று மணிக்கு ஆய்வாளர் வருகிறார். மொழிபெயர்ப்பாளருக்கு வருஷம் முழுக்க வேலை தரும் நிறுவனம் அனுப்பும் ஆள். கணினியில் முறையான லைசென்ஸ் இல்லையென்றால் ஒப்பந்தம் ரத்து. லைசென்ஸ் என்னவோ அவர் தனியாக டப்பாவில் வாங்கியதுதான்; பழைய கணினியிலிருந்து புதியதற்குத் தாராளமாக மாற்றலாம். பழையதில் அழித்துவிட வேண்டும், அவ்வளவே. அந்தப் பழையதைத்தான், போன மாதம் மாமனார் ஓய்வு பெற்ற அன்று, பெரிய மனசு பண்ணி அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். உள்ளே இருந்த மென்பொருளை அழிக்க மறந்துவிட்டார்.

மாமனார் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். மாப்பிள்ளை போனபோது கணினியில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்.

"மாமா, இதுல இருக்கிற சிஸ்டம் சாஃப்ட்வேரை மட்டும் எடுத்துக்கணும்."

"கொடுத்ததைத் திருப்பிக் கேக்குறீங்களா மாப்ளே?"

"ஐயோ, கம்ப்யூட்டர் உங்களுக்குத்தான். உள்ள ஓடுறதுதான்... ஒரு லைசென்ஸ்ல ஒரு கம்ப்யூட்டர்தான் ஓடலாம். இப்ப ரெண்டுல இருக்கு."

மாமனார் மௌஸிலிருந்து கையை எடுத்தார். "அப்போ ஒரு டிக்கெட்ல ரெண்டு பேர்."

"அப்படியும் சொல்லலாம் மாமா."

"வேற எப்படிச் சொல்றது? ஒரு மாசமா நான் டிக்கெட் இல்லாம உக்காந்து வந்திருக்கேன்! கூடப் பிறந்த தம்பியையே நடுரோட்டுல இறக்கிவிட்டவன் நான்!"

"அதுவும் மழையில" என்றார் மாமியார் சமையலறையிலிருந்து.

மாமனார் எழுந்து நின்று கையை நீட்டினார். "டிக்கெட்டைக் காட்டுங்க."

மொழிபெயர்ப்பாளர் டப்பாவோடு வந்த அட்டையைக் கொடுத்தார். இருபத்தைந்து எழுத்தும் எண்ணும் கொண்ட கீ அதில்தான் இருந்தது. மாமனார் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், திருப்தியாகத் தலையசைத்தார். அப்புறம் முப்பத்தோரு வருஷப் பழக்கத்தில், சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டில் ஓட்டை போடும் பஞ்சிங் கருவியை எடுத்து, அட்டையில் டக்.

"மாமா! கீயில நடுவுல ஒண்ணைக் காணோம்!"

"இருபத்தஞ்சுல ஒண்ணுதானே மாப்ளே?" என்றார் மாமனார். குரல் பாதியாக இறங்கியிருந்தது.

இருவரும் தரையில் தவழ்ந்தார்கள். சோபாவுக்கு அடியில் மொழிபெயர்ப்பாளர் தன் ஒப்பந்தத்தை மனசுக்குள் அடக்கம் செய்துகொண்டிருந்தபோது மாமியார் வந்து நின்றார்.

"பொட்டு மாதிரி இருக்கிறதையா தேடுறீங்க? உங்க முழங்கையிலதானே ஒட்டியிருக்கு."

மாமனாரின் முழங்கையில் கடுகளவு வட்டம். அதில் 6 என்றிருந்தது. மொழிபெயர்ப்பாளர் மூச்சு விடுவதற்குள் மாமனார் அதைத் திருப்பினார். இப்போது 9.

பழைய கணினியில் இருந்ததை அழித்து, பென்டிரைவில் கொண்டுவந்த இலவச சிஸ்டத்தைப் போட்டார் மாப்பிள்ளை. "இதை யார் வேணா வச்சுக்கலாம் மாமா, காசே கிடையாது."

மாமனார் சந்தேகத்தோடு பார்த்தார். "அப்போ ஃப்ரீ பாஸ்னு சொல்லுங்க." பாஸ் என்றதும் முகத்தில் ஒரு கௌரவம் வந்து உட்கார்ந்தது. ஆனால் சீட்டு விளையாட்டில் சேர்த்து வைத்திருந்த இருநூற்றுப் பதினோரு வெற்றிகளும் போயிருந்தன. மாப்பிள்ளை தயங்கியபடி அதைச் சொன்னார்.

மாமனார் வெறும் திரையைப் பார்த்தார். "போகட்டும் மாப்ளே. டிக்கெட் இல்லாம ஜெயிச்சதுதானே."

அவரையும் கூட்டிக்கொண்டு தன் வீட்டு அலுவலகத்துக்கு வந்தபோது மணி இரண்டரை. கணினி மறுபடி கீயைக் கேட்டது; நடுவில் 6 போட்டுப் பார்த்தார்கள். தவறான கீ என்றது. 9 போட்டார்கள், ஏற்றுக்கொண்டது. மறுபடி போன், மறுபடி ஐம்பத்து நான்கு எண்கள், மறுபடி அதே கேள்வி.

"தள்ளுங்க" என்று மாமனார் தானே ஒன்றை அழுத்தினார். "இப்பச் சொன்னா அது உண்மை."

சிஸ்டம் திறந்துகொண்டது.

மூன்று மணிக்கு ஆய்வாளர் வந்தார். கண்ணாடி போட்ட, சிரிக்காத பெண். கணினியைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், அட்டை வழியாக மொழிபெயர்ப்பாளரையும் பார்த்தார். "இது என்ன ஓட்டை?"

மொழிபெயர்ப்பாளர் மாமனாரைக் கைகாட்டினார்.

"செக் பண்ணியாச்சும்மா" என்றார் மாமனார், நிமிர்ந்து நின்று. "நானே பண்ணேன். சரியா இருக்கு."

அந்தக் குரலுக்குப் பஸ் படியில் தொங்குகிறவர்களே உள்ளே ஏறுவார்கள். ஆய்வாளர் மறுபேச்சில்லாமல் படிவத்தில் 'சரி' என்று எழுதினார். கையெழுத்துப் போட வசதியாகத் தன் அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

மொழிபெயர்ப்பாளர் பாய்ந்து அதைக் கையால் மூடினார். மாமனாரின் விரல்கள் சட்டைப் பைக்குள் போயிருந்தன.