மீன் காசு

“அந்த ரூவாய எடுத்திட்டு அப்பாவோட மீன் காச வைங்க சித்தப்பா” என்றான் மகன் சிவபாண்டி. குளிப்பாட்டி, திருநீறு பூசி நாற்காலியில் உட்கார வைத்திருந்த இருளப்பசாமியின் நெற்றியில் காசு வைக்கும் நேரம். அவருடைய மகள் செல்வலட்சுமி முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ராஜபாளையத்தில் இருபத்தாறு வருஷம் மில் கேட்டில் நின்று யார் யாருக்கோ சல்யூட் அடித்த மனுஷன். கான்சாபுரத்து வயலில் மண்வெட்டியில் மாட்டிய அந்த வெண்கலக் காசுதான் அவருடைய ராஜாங்கம். பச்சைக் களிம்பேறிய அதில் மங்கலாக இரண்டு மீன் தெரியும். “பாண்டியன் காசுலே. நாம யாருன்னு அது சொல்லும்” என்பார். தம்பி ராஜரத்தினம் விடமாட்டார். “மீனுமில்ல, கீனுமில்ல. கூலிக்காரனுக்கு எதுக்குண்ணே ராஜா வேசம்?” இதை வைத்தே அண்ணனுக்கும் தம்பிக்கும் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

நேற்றுக் காலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு கல்லூரி வாத்தியார் காசைப் பார்க்க வருவதாக இருந்தது. வருகிறவர் முன்னால் பளிச்சென்று இருக்கட்டுமே என்று, குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள் செல்வலட்சுமி. களிம்போடு மீனும் போய்விட்டது. இருளப்பசாமி வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. “தண்ணி கொண்டா தாயி” என்றார். அவள் செம்போடு வந்தபோது தலை சாய்ந்திருந்தது. டாக்டர் மாரடைப்பு என்றார். நான்தான் கொன்றேன் என்று அவள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது?

“ஏட்டி, காசு எங்க இருக்கு?” என்றார் ராஜரத்தினம்.

நேற்றிலிருந்து முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து அவர் கையில் வைத்தாள். அவர் திருப்பினார். மறுபடி திருப்பினார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“மீனு தெரியுதா மாமா?” கூட்டத்தில் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

“தெரியாம? ரெண்டும் நல்லாத் தெரியுது” என்றார் ராஜரத்தினம். காசை அண்ணன் நெற்றியில் அழுத்தி வைத்து, நகராமல் அங்கேயே மறைத்து நின்றார்.

“சந்தனம் இன்னுங் கொஞ்சம் கொண்டா ஏட்டி. இது பத்தாது.”

அவள் குழைத்துக் குழைத்துக் கொடுத்தாள். காசு மறைந்த பிறகும் அவர் பூசிக்கொண்டே இருந்தார்.